எரிகிற இடம்

அந்த லிங்க்கை நிவேதிதாவுக்கு அனுப்பியவளே நான்தான். எனக்கு அப்படியென்ன கை அரித்ததோ தெரியவில்லை.

நெதர்லாந்தில் ஐந்து வாரக் கோடைப் பயிற்சி. காலையில் மூளையைப் பற்றி வகுப்பு, மதியம் லேப். ஓர் ஆளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, அவர் யோசிக்கும்போது மண்டைக்குள் எந்த மூலை விழித்துக்கொள்கிறது என்று திரையில் பார்க்கலாம். எங்கள் சைக்காலஜி துறையிலிருந்து ஒரே ஒரு மாணவி போகலாம், முழுச் செலவும் அவர்களுடையது. இரண்டு வருடமாக அந்த இணையப் பக்கத்தைத் தினமும் திறந்து பார்த்தவள் நான். லேப் எத்தனையாவது மாடியில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். நிவேதிதாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே நான் சொல்லித்தான் தெரியும்.

அவள் வீடு ஐயப்பன்தாங்கலில், ஒன்பதாவது மாடி. அப்பா, அம்மா இருவருக்கும் ஐ.டி. வேலை, சொந்த ஊர் கோயம்புத்தூர். பள்ளிக்கூடத்தில் இந்தியும் பிரெஞ்சும் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதப் படிக்க வராது. நான் திருமழிசையிலிருந்து வருவேன், பூந்தமல்லியில் இருவரும் ஒரே பஸ் ஏறி ஆவடிப் பக்கம் காலேஜுக்குப் போவோம். முதல் வருடம் அந்த பஸ்ஸில் வைத்து, டிக்கெட்டின் பின்பக்கம் அவள் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொடுத்தேன். அந்த நான்கு எழுத்தோடு அவளுடைய தமிழ்ப் படிப்பு முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து எங்கே கையெழுத்துப் போட்டாலும் அந்த நான்கு எழுத்துதான்.

விண்ணப்பத்தோடு ஒரு சிறிய ஆய்வும் செய்து அனுப்ப வேண்டும். நான் பஸ் டெப்போ கண்டக்டர்களை வைத்துச் செய்தேன், கூட்டத்தில் ஒருவர் எத்தனை முகங்களை ஞாபகம் வைத்திருக்க முடியும் என்று. நிவேதிதா யோசித்தது வேறு. பொறாமை உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது? ஒரு பெண்ணின் உருவத்தை வெறும் கோட்டில் வரைந்து, நாற்பது பெண்களிடம் கொடுத்து, எங்கே தோன்றுகிறதோ அங்கே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கலர் அடிக்கச் சொல்வது. கீழே ஒரு கட்டத்தில், எப்போதெல்லாம் வரும் என்று எழுதுவது.

"பொறாமைன்னு கேட்டா பாடப் புத்தகம் மாதிரி இருக்கும்ல? உங்க ஊர்ல எப்படிச் சொல்லுவாங்க, தாட்சு?" என்று கேட்டாள்.

"வயித்தெரிச்சல்னு சொல்லுவாங்கோ."

சத்தியமாக அப்போது என் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.

ஆய்வுக்கு அவள் தேர்ந்தெடுத்தது எங்கள் தெருவை. புது ஆள் கேட்டால் பெண்கள் கூச்சப்படுவார்கள் என்று எந்தப் புத்தகத்திலோ படித்துவிட்டு, என்னையே கேட்டு வரச் சொன்னாள். இரண்டு நாள், மார்ச் மாத வெயிலில் வீடு வீடாய் ஏறி இறங்கியது நான். அவள் எங்கள் சுலோசனா அத்தை வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, நான் கொண்டுவரும் ஃபார்முக்கெல்லாம் நம்பர் போட்டு, அந்த நான்கு எழுத்தைக் கையெழுத்தாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போகும் வசந்தா அக்கா. "வயித்தெரிச்சல் எப்பக்கா வருது?" என்று கேட்டேன்.

"அத்த ஏன் கேக்குற! காலீல வெறும் வயித்துல டீ குட்ச்சா போதும், பத்திக்கினு எரியுது. மாத்திர எதுனா குடுப்பீங்களா?"

கழுத்தில் காலேஜ் அட்டை, கையில் உடம்புப் படம். மருத்துவ முகாம் என்று நினைத்துவிட்டாள். அடுத்த வீட்டில் வரலட்சுமி அக்காவுக்கு வத்தக்குழம்பு சாப்பிட்டால் வருகிறதாம். அதற்கடுத்த வீட்டில் நைட் ஷிஃப்ட் போனால் வருகிறதாம். எல்லோரும் மறக்காமல் வயிற்றில் கலர் அடித்தார்கள். மூன்றாவது வீட்டிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர்கள் சொன்னதைச் சொன்னபடி தமிழில் எழுதிக்கொண்டேன். நிவேதிதாவிடம் ஓடிப்போய், கேள்வியை மாற்றடி என்று சொல்ல வேண்டும் என்றுதான் அத்தை வீட்டுக்கு வந்தேன்.

அவள் கையில் ரோஸ்மில்க். அத்தை எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அமரிக்கையா பேசுது பார்றி இந்தப் பொண்ணு! நீயும் கீறியே, வாயத் தொறந்தா ஊருக்கே கேக்குது. போ, அந்தப் பொண்ணுக்குத் தண்ணி எட்த்தா."

தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன். கேள்வியைப் பற்றிப் பேசாமல் அடுத்த ஃபார்மை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டாம் நாள் முடிவில் முப்பத்தொன்பது ஃபார்ம் சேர்ந்தது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு, தாட்சு, ப்ளீஸ்," என்றாள். சிரித்தால் அவளுக்குக் கன்னத்தில் குழி விழும், அதனாலேயே அவள் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. கடைசி ஃபார்மை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். வயது இருபது என்று எழுதினேன். உருவத்தின் தொண்டையில், பேப்பர் கிழியும் அளவுக்குச் சிவப்பு அடித்தேன். எப்போது வரும் என்ற கட்டத்தில், 'நிவேதிதா சிரிக்கும்போது. நிவேதிதாவுக்கு எல்லாம் தானாக நடக்கும்போது' என்று எழுதினேன். எழுதியதும் கொஞ்சம் நன்றாக இருந்தது. அவளுக்குத்தான் தமிழ் படிக்க வராதே.

ஏப்ரலில் பட்டியல் வந்தது. நிவேதிதா தேர்வாகிவிட்டாள். நாற்பதில் முப்பத்தொன்பது பெண்கள் பொறாமையை வயிற்றில் உணர்கிறார்கள், தமிழ்ச் சொல்லும் தமிழ் உடம்பும் ஒன்றே என்று, கலர் அடித்த இடத்தை மட்டும் எண்ணி அவள் எழுதியதை நேர்காணலில் ஆகா ஓகோ என்றார்களாம். அடிக்குறிப்பில் ஒரு வரி: 'தொண்டையைக் குறித்த ஒருவர் மட்டும் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.' என் பெயர் காத்திருப்போர் பட்டியலில் முதலாவது. அவள் போகாவிட்டால்தான் நான்.

டிபார்ட்மெண்டில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டை அவள் எனக்குத்தான் ஊட்டினாள். என் தெரு, என் அலைச்சல், என் சொல், போகப் போவது அவள். அந்த கேக்கை விழுங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, மதிய இடைவேளையில் ஃபார்ம் கட்டோடு என்னிடம் ஓடிவந்தாள். தமிழில் இருக்கும் பதில்களையும் இங்கிலீஷில் அனுப்பச் சொல்லி நெதர்லாந்திலிருந்து மெயில் வந்திருக்கிறதாம். துறைத் தலைவர் ஆக்னஸ் மேடம் நாளைக்குள் கேட்டிருக்கிறார்.

"நீ படி, நான் டைப் பண்றேன்."

காலி வகுப்பறையில் உட்கார்ந்தோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பொய் சொல்ல வேண்டாம், யாரிடமும் போய் வத்தி வைக்க வேண்டாம். இருப்பதை இருக்கிறபடி படித்தால் போதும்.

"ஒண்ணு. வெறும் வயித்துல டீ குடிச்சா. ரெண்டு. வத்தக்கொழம்பு சாப்ட்டா. மூணு. நைட் ஷிஃப்ட் போனா."

டைப் அடித்த கை நின்றது. "இரு இரு. டீ குடிச்சா எப்படிப் பொறாமை வரும்?"

"பொறாம இல்லடி. அசிடிட்டி. அவுங்க மெடிக்கல் கேம்ப்னு நென்ச்சிக்கினாங்கோ."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"எய்தினது நான்தானே."

கத்துவாள் என்று காத்திருந்தேன். இல்லாவிட்டால், கொஞ்சம் மாற்றிப் படியேன் என்று கெஞ்சுவாள். அப்போது அவளை மனசார வெறுத்துவிடலாம். அவள் இரண்டும் செய்யவில்லை. "எல்லாத்தையும் படி," என்றாள். முப்பத்தொன்பதையும் படித்தேன். ஊறுகாய், பட்டினி, பிரசவத்துக்குப் பிறகு, வெயில். கடைசி ஃபார்மைக் கவிழ்த்து வைத்தேன். "இத்த நீயே தப்புன்னு தள்ளிட்ட. வுடு."

அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், என் ஸ்டடி தப்பு. கேள்வியில இருந்த வார்த்தை தப்பு. தாட்சாயிணி படிச்சுக் காட்டினதாலதான் தெரிஞ்சுது. நான் விலகிக்கிறேன், அவளை அனுப்புங்க."

"வீட்ல கேட்டுட்டுச் சொல்லும்மா, நிவேதிதா," என்றார் ஆக்னஸ் மேடம்.

"வேண்டாம் மேடம். தப்பான ரிசல்ட்டை வெச்சுக்கிட்டு அங்க போய் என்னன்னு பேசுவேன்?"

"சரி. நாளைக்குக் காலைல தாட்சாயிணி பேரை அனுப்பிடறேன்."

இரண்டு வருடமாய் நான் ஏங்கியது இரண்டே நிமிடத்தில் என்னுடையதாகிவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. எப்படி இவளால் இவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுக்க முடிகிறது? விட்டுக்கொடுப்பதைக்கூட என்னைவிட அழகாகச் செய்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது.

நிவேதிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு கவிழ்ந்து கிடந்த ஃபார்மை எடுத்தாள். "அப்போ தப்பாப் புரிஞ்சுகிட்டது அந்த முப்பத்தொன்பது பேரும்தான். இவங்க ஒருத்தருக்குத்தான் கேள்வி புரிஞ்சிருக்கு. என்ன எழுதியிருக்காங்க?"

"குடு, நான் பட்ச்சி சொல்றேன்." கையை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை. ஃபார்மை முகத்துக்கருகே கொண்டுபோனாள். மற்றதெல்லாம் அவளுக்கு வெறும் கோடுகள்தான். ஆனால் நான்கு எழுத்து தெரியும். பஸ்ஸில் நான் கற்றுக்கொடுத்த நான்கு எழுத்து. மொட்டை மாடியில் எழுதியபோது, ஆத்திரத்தில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

"நி," என்றாள். விரல் நகர்ந்தது. "வே. தி. தா."

அடுத்த வரியிலும் விரல் அங்கேதான் போய் நின்றது. மறுபடி படித்தாள். வயது என்ற இடத்தில் இருந்த இருபதைப் பார்த்தாள். பிறகு கிழிந்துபோன அந்தச் சிவப்பை விரலால் தடவினாள்.

"ஏன் தாட்சு, தொண்டைல?"

அவளுக்குக் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். ஊருக்கே கேட்கும் என்று அத்தை சொன்ன குரல் வெளியே வரவில்லை.