காயாத வீடு

ஓவியரின் வீட்டில் முப்பத்தொரு வருடங்களாக எதுவும் காயவில்லை. துவைத்த துணி கொடியில் மூன்று நாள் தொங்கினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். தலைக்குக் குளித்தால் அடுத்த குளியல் வரைக்கும் ஈரத் தலைதான். ஈரக் காலோடு நடந்த தடம் மாதக்கணக்கில் கூடத்தில் கிடக்கும். ஒழுகல் ஏதும் இல்லை என்று இரண்டு கொத்தனார்கள் கூரையேறிப் பார்த்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். எதிர்வீட்டுத் தையற்காரி தன் மொட்டைமாடியில் இவர்களுக்கென்று தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுத்தாள். ஓவியரின் மனைவி தினமும் வாளியோடு தெருவைக் கடந்து போய் அங்கே துணி காயப்போட்டாள். தெருவுக்கு அது பழகிவிட்டது.

காரணம் ஓவியருக்குத் தெரியும். எண்ணெய் வண்ணத்தில் அவர் பழைய முறையிலிருந்து இம்மி பிசகாதவர். குழாயில் விற்கும் வண்ணத்தைத் தொடமாட்டார். கல்லில் அரைத்து ஆளிவிதை எண்ணெயில் குழைப்பார். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல்; ஒரு பூச்சு காயாமல் அடுத்ததை வைப்பதில்லை. ஒரு படத்துக்கு ஒன்றரை வருடம் ஆகும். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பொறுமையிழந்து புகைப்படக்காரரிடம் போனார்கள், மீதிப் பேர் அதற்குள் முன்வழுக்கை விழுந்து, படத்தைப் பார்த்து "இது யாரு?" என்று கேட்டார்கள். அவர் அசரவில்லை.

ஒரே ஒரு முறை அவசரப்பட்டார். ஐந்து வயது மகளுக்குக் காய்ச்சல் இறங்காமல் மருத்துவர் கையை விரித்த அன்று, அவளைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து வரைய ஆரம்பித்தார். நாள் இல்லை என்று கைக்குத் தெரிந்திருந்தது. அடிப்பூச்சிலேயே எண்ணெயை வழிய ஊற்றிவிட்டார். அதன்மேல் நான்கே நாளில் பூச்சுக்கு மேல் பூச்சாக ஏற்றினார். ஐந்தாம் நாள் முகம் முடிந்தது, மகளும் போய்விட்டாள். படம் காயவில்லை. அதைச் சுற்றியிருந்த எதுவும் காயவில்லை. மனைவியின் இடது கன்னத்தில் அன்றைக்கு இறங்கிய கண்ணீரும் அங்கேயே நின்றுவிட்டது. துடைப்பதை அவள் இரண்டாவது வருடத்தோடு நிறுத்திக்கொண்டாள். ஒருமுறை ஓவியர் படத்தைத் தன் வாடகைப் பட்டறைக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். மறுநாளே அங்கே காய்ந்திருந்த வங்கி மேலாளரின் படத்தில் மீசை சட்டைக்கு வழிந்துவிட்டது. அன்றே மகளின் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

முறைப்படி ஒரே வழிதான்: அடிப்பூச்சு தவறினால் அடிவரை சுரண்ட வேண்டும். அடுத்தவர் படமென்றால் யோசித்திருக்க மாட்டார். ஆனால் மகளின் முகம் வேறெங்கும் இல்லை. புகைப்படம் வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

போன மாதம் மனைவி வாளியோடு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியலைங்க. அந்த மாடி ஏறினா மூச்சு வாங்குது. சுரண்டிருங்க."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"முப்பத்தொரு வருஷம் யோசிச்சாச்சு. ஒரு நாளாவது காஞ்ச தலகாணில படுக்கணும்."

அவர் கத்தியைத் தீட்டினார். கை நடுங்கவில்லை, அதுவே அவருக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு களைத்துப்போயிருந்தார். படத்தை மேசையில் கிடத்தி, ஓரத்துப் போர்வையிலிருந்து சுரண்டிக்கொண்டே வந்தார். கத்தி முகத்தருகே வந்தபோது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். ஈரப் படத்தை யாரும் தொடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். இத்தனை வருடத்தில் அவளும் தொட்டதில்லை, அவரும் தொட்டதில்லை. இனி என்ன என்று ஒரு விரலை மகளின் கன்னத்தில் வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை.

"இன்னும் சூடு இறங்கலைங்க," என்றாள்.

அவர் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஆமாம், காய்ச்சல் அப்படியே இருந்தது. கத்தியைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை, சுரண்டிய போர்வையைத் திரும்ப வரைந்தார். அடிப்பூச்சிலேயே எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். வாழ்நாளில் தெரிந்தே முறை தவறியது அப்போதுதான். பிறகு கையைக் கழுவி, ஈரத்தோடே வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்மாடிக்கு ஏறினார். வெயில் நன்றாக இருந்தது.