சாந்தாமணி போன கல்யாணம்

சோமனூரில் தறி வைத்துக் காடாத்துணி ஓட்டிக்கொண்டிருந்த தம்பிதுரையின் மனைவி சாந்தாமணி, இரண்டு வருடமாக ஊரைத் தாண்டி எங்கும் போகவில்லை. கர்ப்பப்பையை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. வந்தால் உடனே போயாக வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் சேலை நனைந்துவிடும். மாத்திரைகள் சாப்பிட்டுப் பார்த்தாள். பெரிதாகக் குணமில்லை. அவிநாசித் தேர்க் கூட்டத்தில் ஒருமுறை அப்படி ஆகிவிட, தம்பிதுரை தன் துண்டை அவள் இடுப்பில் சுற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தார். அதோடு அவள் வெளியூர்ப் பயணம் நின்றது.

விசேஷங்களுக்கு அவர் மட்டும் போனார். கேட்டவர்களிடம், "முட்டி வலிங்க, நடக்க முடியறதில்லை" என்றார். தாராபுரத்தில் இருந்த சாந்தாமணியின் அக்கா வெங்கடலட்சுமி மட்டும் அதை நம்பவில்லை. கையில் நாலு காசு சேர்ந்ததும் தங்கைக்கு உறவு கசந்துவிட்டது என்று நினைத்துப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அந்த அக்காவின் ஒரே மகள் லோகப்பிரியாவுக்கு 1996 வைகாசியில் கல்யாணம் நிச்சயமானது.

"நீங்க போயிட்டு வந்துருங்க" என்றாள் சாந்தாமணி. "அந்தப் புள்ளைய இடுப்புல வெச்சுச் சோறூட்டுனவ நானு. என்ன பண்றதுங்க, என்ற பொழப்பு இப்படி ஆகிப்போச்சு."

திருப்பூருக்குப் பனியன் எடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் எப்போதோ காட்டிய போட்டோ தம்பிதுரையின் மனதில் வந்து நின்றது. காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சின்ன வண்டி அது. நிறுத்தியதும் கூரையைத் தூக்கினால் சுற்றிலும் துணிச்சுவர் எழுந்து ஓர் அறையாகிவிடும். மறு வாரமே பட்டறையில் சொல்லி, தன் ஜீப்புக்குப் பின்னால் மாட்ட அப்படி ஒன்றைச் செய்ய வைத்தார். சக்கரமும் இரும்புச் சட்டமும் தார்ப்பாய்ச் சுவரும் பட்டறைக்காரர்கள் வேலை. உள்ளே படுக்கைப் பலகையும், மூலையில் திரைக்குப் பின்னால் ஓட்டை போட்ட நாற்காலியும் வாளியும், குழாய் வைத்த தண்ணீர் கேனும் அவரே அமைத்தது.

வெயில் காலத்தில் தார்ப்பாய்க்குள் உட்கார முடியாது. காற்றாடி வேண்டும், திரைக்குள் ஒரு பல்பு வேண்டும். இரண்டுக்கும் பேட்டரி வேண்டும்.

கோவை உக்கடத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்த ஷேக் பரீத், "நம்ம ஆளை அனுப்பறனுங்க, மாட்டிக் குடுத்துட்டு வந்துருவான்" என்றார்.

"வேண்டாமுங்க பாய். நாங்களே மாட்டிக்கறோம்."

வேற்றாள் வந்தால் திரைக்குப் பின்னால் இருப்பதையும் பார்ப்பான். ஊருக்குள் அது பேச்சாகும். அதைச் சாந்தாமணி தாங்கமாட்டாள். ஷேக் பரீத் காரணம் கேட்கவில்லை. "மாட்டறப்ப முதல்ல பிளஸ், அப்பறம் மைனஸ். வளையல், மோதிரம் எல்லாம் கழட்டிருங்க. பேட்டரி வெக்கற பெட்டிக்கு ஓட்டை உடுங்க, கேஸு வெளிய போகோணும்" என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை, தறிகள் ஓடாத நாள். வண்டியை வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி இருவரும் வேலையில் இறங்கினார்கள். தம்பிதுரை பலகையை அறுத்துப் பெட்டி அடித்தார். சாந்தாமணி வளையல்களைக் கழற்றிச் சொம்புக்குள் போட்டுவிட்டு, பெட்டியில் வரிசையாக ஓட்டை போட்டாள். பேட்டரியை உள்ளே இறக்கி, ஓடும்போது நகராமல் தறியின் பழைய பெல்ட்டால் இறுக்கிக் கட்டினார்கள். ஜீப் ஓடும்போது இதற்கும் சார்ஜ் ஏறவும், நின்றதும் துண்டித்துவிடவும் நடுவே ஒரு சுவிட்ச் வைத்தார்கள்.

பாய் சொன்னது தம்பிதுரைக்கு அவசரத்தில் மறந்துபோனது. வண்டிச் சட்டத்தோடு சேரும் மைனஸ் வயரை முதலில் முடுக்கிவிட்டு, பிளஸ்ஸை முடுக்கும்போது ஸ்பேனர் இரும்புச் சட்டத்தில் பட்டது. பட்டென்று நெருப்புப் பறந்தது. அவர் ஸ்பேனரை வீசிவிட்டுப் பின்னால் சாய்ந்தார்.

"ஐயோ! கையைக் காட்டுங்க!"

விரல் நுனி மட்டும் சிவந்திருந்தது. அவள் அதைக் குடத்துத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டே, "எனக்காக நீங்க கை காலைக் கெடுத்துக்க வேண்டாமுங்க. இதெல்லாம் உட்டுப்போடலாம்" என்றாள்.

"உடறதுக்கா சாந்தா இத்தனையும் செஞ்சுபோட்டேன்? நீயே புடி. நான் சொல்றேன்."

அவள் தயங்கித்தான் ஸ்பேனரை எடுத்தாள். மைனஸைக் கழற்றினாள். பிளஸ்ஸை முடுக்கி, பிறகு மைனஸை மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிந்தது. காற்றாடியும் சுற்றியது, ஆனால் முகத்தில் காற்று வரவில்லை. பின்னால் இருந்த தார்ப்பாய்தான் படபடத்தது.

"திருப்பிச் சுத்துதுங்க. தறி மோட்டாருக்கு வயரை மாத்திக் குடுத்தா இப்படித்தான" என்று சொல்லி அவளே வயரை மாற்றினாள். காற்று வந்தது. இருவரும் பலகையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்தக் காற்றை வாங்கினார்கள்.

கல்யாணத்தன்று தாராபுரம் மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கூடார வண்டி நின்றது. சாந்தாமணி முகூர்த்தம் பார்த்தாள், இரண்டு முறை வண்டிக்கு வந்து போனாள். அக்கா, "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். தங்கைக்கு அது சுருக்கென்று தைத்தது.

வெயில் ஏறியபோது கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் வெங்கடலட்சுமி மகளைத் தாங்கிப் பிடித்தபடி வண்டிக்கு ஓடிவந்தாள். பட்டும் மாலையுமாக லோகப்பிரியா வியர்த்து வெளிறிப் போயிருந்தாள்.

"சாந்தாமணி, இங்க காத்தாடி ஓடுதுன்னாங்க. புள்ளைக்கு மயக்கம் வருது."

சாந்தாமணி கைகொடுத்து ஏற்றினாள். காற்று பட்டதும் பெண்ணுக்குக் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் நெளிந்துகொண்டே இருந்தாள்.

"சின்னம்மா, விடியக்காலம் சீர் சடங்குக்கு உக்காந்தவ இன்னும் பாத்ரூம் போகல. இப்ப மோட்டாரு ஓடாம அங்க தண்ணியும் இல்ல. முடியல சின்னம்மா."

அந்தத் தவிப்பு சாந்தாமணிக்குத் தெரியாததா? மூலையில் இருந்த திரையைப் பார்த்தாள். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாந்தாமணி எழுந்து திரையை விலக்கி, பல்பைப் போட்டாள்.

"போ கண்ணு. தண்ணி இருக்குது."

வெங்கடலட்சுமி நாற்காலியையும், அருகே மடித்து அடுக்கியிருந்த பழந்துணிகளையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது.

"இதுக்காகவா ரெண்டு வருஷமா வரல நீயி?"

"ஆபரேஷனுக்குப் பொறவு அடங்க மாட்டீங்குதக்கா. யாருகிட்டச் சொல்றது?"

"என்றகிட்டச் சொல்லோணும்." அக்கா அவள் தோளில் ஓர் அடி வைத்தாள், பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இவளைப் பெத்த பொறவு எனக்கும் தும்முனா நிக்காது. நானும்தான் ஒருத்தருகிட்டயும் சொல்லல. உன்னைய என்னென்னமோ நெனச்சுப்போட்டனே!"

பெண் திரைக்குள்ளிருந்து, "அம்மா, அப்பறம் அழுங்க. சேலையைப் புடிங்க" என்றாள். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

பந்தியில் வெங்கடலட்சுமி தங்கையை வாசலை ஒட்டிய இலையில், எழுந்து போகத் தோதாக உட்கார வைத்துத் தானே பரிமாறினாள். பயத்தில் காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காத சாந்தாமணி, அன்று மோரை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.