துரைசானிக்கு வைத்த துண்டு

காய்ச்சலில் செத்துப்போன துரைசானிக்குப் படைக்காமல் கிறிஸ்மஸுக்குச் சுடும் பன்றித்தொடையை மேஜைக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பங்களாவில், போன கிறிஸ்மஸ் வரை அதற்குக் கிராம்பு குத்தியது அவள் கைதான். பாகு மொறுமொறுத்த ஓரம் என்றால் அவளுக்கு உயிர். தமிழ் பேசுவாள். பவுனம்மாளான என்னைப் ‘பவுனு’ என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

போன வாரம் கப்பலில் வந்திறங்கிய புதுத் துரைசானிக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. நான் வெல்லப்பாகு பூசுவதைப் பார்த்து, இனிப்பே ஆகாது என்று கையை ஆட்டிக் காட்டி மூஞ்சியைச் சுளித்தாள். போடி என்று மனசுக்குள் திட்டினேன்.

சுட்டெடுத்ததும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, வாழையிலையில் வைத்து, கொல்லையில் நின்று காகத்தைக் கூப்பிட்டேன். எதைக் கண்டாலும் பாயும் காக்கைகள் கூரையில் உட்கார்ந்து பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை. காகம் தொடாவிட்டால் செத்தவளுக்கு ஏதோ குறை.

மீதித் தொடையைத் தட்டில் வைத்து மேஜைக்குக் கொண்டுபோனேன். துரை வெட்டிப் பரிமாறினார். புதியவள் கறியை ஒதுக்கிவிட்டு, பாகு ஓரத்தை மட்டும் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“நான் இங்க இருக்கேன். காக்காயை ஏன் கூப்பிடுற, பவுனு?”