பூவாத்தாளின் பின்னல்

"இந்தத் தலையப் பின்னி உட்டது ஆரு?"

மருதாசலக் கவுண்டர் குரலை உயர்த்தவில்லை. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்றிருந்த பெருமாயி அதனாலேயே மகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டாள். கத்தினால் நாலு அடியோடு போய்விடும். மெதுவாகப் பேசினால் என்ன வருமென்று பண்ணையத்து ஆட்கள் யாருக்கும் தெரியாது.

மகள் பூவாத்தாள் குனிந்து நின்றாள். எண்ணெய் மினுங்கும் இரட்டைப் பின்னல்; நுனியில் சிவப்பு நாடா. கவுண்டர் தம் மகள் சௌந்திரத்துக்காகக் கரூரில் வாங்கியது. வெற்றிலைக் கொடிக்காலின் அகத்தி நிழலில் சௌந்திரம் அதை முடிந்துவிடுவதை அவரே பார்த்திருந்தார். பார்த்ததை அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கத்தான் இந்தக் கேள்வி.

இரண்டு பெண்களும் கொடிக்காலுக்குள் கூடி விளையாடுவது பெருமாயிக்கு முன்பே தெரியும். ஒருநாள் மிரட்டினாள். மறுநாள் மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. குடிசையில் அப்படி அவள் சிரித்ததே இல்லை. அதனால் விட்டுவிட்டாள்.

சௌந்திரம் வீட்டுப் படியிறங்கி ஓடிவந்தாள். "நாந்தானுங்கப்பா பின்னி உட்டேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா. நாந்தான் புடிச்சு உக்கார வெச்சேன்."

"நீ போயித் தலைக்குத் தண்ணி ஊத்திக்க, அம்மிணி," என்றார் கவுண்டர். பிறகு பெருமாயியைப் பார்த்தார். "தொட்டது எம் புள்ளையாவே இருக்கட்டும். தொடத் தோணற மாதிரி வளந்து நிக்கறது இந்த மசுருதானே?"

"தெரியாமப் பண்ணிப்போட்டா சாமி. இனித் தோட்டத்துப் பக்கமே கூட்டியார மாட்டனுங்க."

"தோட்டத்துக்குக் கூட்டியா. நாலு பேரு பாக்கோணும்." அவர் பெருமாயியின் புருஷன் பக்கம் திரும்பினார். "டேய் ஆண்டி, நாவிதன் இவளைத் தொடமாட்டான். அப்பன் நீயே வழிச்சுடு."

ஆண்டி இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தான். கொடி அறுக்கும் கத்தி.

"காஞ்ச தலைங்க சாமி. ரெண்டு கை தண்ணி நனைச்சுக்கட்டுங்களா?" என்று பெருமாயி தொட்டியைக் காட்டினாள்.

"அது மாட்டுக்கு எறைச்ச தண்ணி," என்றார் கவுண்டர்.

ஆண்டி மனைவியிடம் முணுமுணுத்தான்: "புள்ள அசைஞ்சா வெட்டிப்போடும். நீ கெட்டியாப் புடிச்சுக்க." அந்த நேரத்தில் மகள்மேல் காட்ட அவனிடம் இருந்த அன்பு அவ்வளவுதான்.

பெருமாயி பிடித்துக்கொண்டாள். பெற்ற கையாலேயே பிடித்துக்கொண்டாள். கத்தி வறண்ட மயிரில் இழுபட்டது. இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது. பின்னல் மண்ணில் விழுந்ததும் பூவாத்தாள் சட்டென்று குனிந்து நாடாவை அவிழ்க்கப் போனாள்.

"அம்மிணியோடதுங்க," என்றாள்.

கவுண்டர் கைத்தடியால் அதை எருக்குழிக்குள் தள்ளினார். அப்போதுதான் அவள் அழுதாள்.

அன்றிலிருந்து சௌந்திரம் தலைவார மறுத்தாள். அவளுடைய அம்மா சீப்போடு வந்தால் அடுக்களை மூலையில் முடங்கிக்கொண்டாள். புளிய விளாறால் அடித்தும் ஒரே பேச்சுத்தான்: "அவளுக்கு மொளைக்கட்டும். அப்புறம் வாரிக்கறேன்." கவுண்டர் வீட்டுப் பெண் சடை பிடித்த தலையோடு திரிவதை ஊரே பார்த்தது.

சந்தை நாளில் பெருமாயியும் மகளும் பக்கத்திலிருந்த வேலூர்ச் சந்தை வரைக்கும் வாழைத்தார் சுமந்தார்கள். கவுண்டர் வண்டியில் முன்னால் போய், பாரம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாமக்கல் பஸ்ஸுக்காக நின்றிருந்த வெளியூர் அம்மாள் ஒருத்தி, பூவாத்தாளின் மொட்டைத்தலையைக் கண்டு கனிவோடு கேட்டாள்: "வேண்டுதலா கண்ணு? எந்தச் சாமிக்கு முடி எறக்குனே?"

பூவாத்தாள் வண்டிப் பக்கம் கையை நீட்டினாள்.

"அதா, வண்டி மேல ஒக்காந்திருக்கறாருங்களே, அந்தச் சாமிக்குங்க."

கவுண்டர் திரும்பிப் பார்த்தார். மகளின் வாயைப் பொத்தப் பெருமாயி கையைத் தூக்கினாள். தூக்கிய கையைத் தாரின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.