வெந்நீர்த் தொட்டிக்குக் குளிராது

குளிர்காலத்தில் குழாய்கள் உறையாமலிருக்க வாங்கிய இளஞ்சிவப்புத் திரவம் மொத்தமும், கோடையில் முகாமுக்கு ஓட்டிப்போகும் எங்கள் வீட்டுவண்டியின் வெந்நீர்த் தொட்டிக்குள் போய்விட்டது. அந்தத் தொட்டிக்குப் போகும் வழியை முதலில் அடைக்க வேண்டும். குளிர் கடுமையான எங்கள் மினசோட்டாவில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், பம்பை ஓடவிட்ட பிறகு.

உள்ளே வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, நிறம் மாறியதும் குரல் கொடுக்க என் மனைவி மெர்லிஸ் நின்றிருந்தாள்.

"வந்துச்சா?"

"காத்து வருது."

"இப்போ?"

"நல்ல காத்து, ஆர்விட்."

போன வருடமும் இந்த வேலையை நான்தான் செய்தேன். எங்கோ தேங்கிய நீர் உறைந்து குழாய் வெடித்திருந்தது. மே மாதம் முதல் முகாமிலேயே மெர்லிஸின் கட்டிலுக்கடியில் வெள்ளம். பத்தாயிரம் ஏரிகள் உள்ள எங்கள் மாநிலத்துக்கு என்னால் முடிந்த இன்னொரு ஏரி. அப்படியே திரும்பிவிட்டோம்.

அதிலிருந்து, அடுத்த கோடைக்குக் கிளம்பலாமா, வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "பாக்கலாம்" என்கிறாள். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' சொல்ல மாட்டார்கள்; அடுப்பில் கருகிய கேசரோல் பண்டத்தைக்கூட 'வித்தியாசமா இருக்கு' என்று சாப்பிடுவார்கள். ஆகவே அந்தப் 'பாக்கலாம்' எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

மெர்லிஸ் இறங்கி வந்து காலி கேன்களைப் பார்த்தாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"பாவம், தொட்டிக்குக் குளிராது."

இன்றிரவு உறைபனி என்று வானொலி சொல்லியிருந்தது. அவள் கராஜுக்குள் போய், பனி தள்ளும் மண்வெட்டிக்குப் பின்னாலிருந்து அதே திரவம் நிறைந்த இரண்டு கேன்களைத் தூக்கி வந்தாள்.

"இது எப்போ வாங்கினே?"

"உன்னைக் கட்டிக்கிட்டவ எக்ஸ்ட்ரா வாங்காம இருப்பாளா? நீ உள்ள போ. பம்பை நான் பாக்குறேன்."

வால்வைத் திருப்பித் தொட்டியின் வழியை அடைத்தாள். நான் ஒவ்வொரு குழாயாகத் திறந்து, "வந்தாச்சு!" என்று கத்தினேன். சமையல் குழாய், கைகழுவும் குழாய், கழிப்பறை, ஷவர்.

"வெளி ஷவர்?" என்றாள்.

மறந்திருந்தேன். இறங்கி வந்து திறந்தேன். என் பூட்ஸ் இளஞ்சிவப்பானது. மெர்லிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. தைரியம் வந்தது.

"மெர்லிஸ், 'பாக்கலாம்'னு மட்டும் சொல்லாதே. வச்சுக்கலாமா, வித்துடலாமா?"

அவள் பம்பை நிறுத்தினாள்.

"வச்சுக்கலாம். மே மாசம் கிளம்புறோம். ஆனா இனிமே பம்புல நீ கை வைக்கக் கூடாது."