பதினேழாம் அறையின் இருட்டு

மார்ச் பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, மருத்துவமனையின் நான்காம் மாடியில் பதினேழாம் அறையின் மூன்று விளக்குகளும் கழற்றப்பட்டிருந்தன. கழற்றியது நோயாளியின் தம்பி. எலெக்ட்ரீஷியன். சுவிட்ச் போர்டில் மினுங்கிய சிவப்புப் பொட்டின் மேலும் இப்போது கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"மங்கலா ஒரு லைட் இருக்கலாம்ங்க. பளிச்சுனு இருந்தாதான் ஆகாது" என்றாள் நர்ஸ்.

"எதுக்கு வம்பு" என்றான்.

முந்தைய நாள் ஆபரேஷனுக்கு முன் அக்காவுக்கு ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். நீல வெளிச்சத்தில் மூளைக் கட்டி மட்டும் இளஞ்சிவப்பாக ஒளிரும். எதுவரை வெட்டலாம் என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும். மருந்து உடம்பில் இருக்கும்வரை வெளிச்சம் பட்டால் தோல் கன்றிப்போகும். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் படத்தைக் காட்டினார். சிவப்பு துளியும் மிச்சமில்லை. ஆபரேஷன் மேஜையில் வைத்தே எடுத்த ஸ்கேனும் சுத்தம்.

"டேய், இருக்கியா?"

"இங்கதான்க்கா."

"கரண்டுக்காரன் கூடப் பொறந்து என்ன புண்ணியம், இருட்டுல கெடக்கேன்."

சிரித்தான். அக்காவுக்கு அவன், அவனுக்கு அக்கா. குடும்பம் அவ்வளவுதான்.

பத்து மணிக்கு நர்ஸ் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள், கைகளைத் தூக்கச் சொன்னாள். எல்லாம் சரி. அவள் போன கொஞ்ச நேரத்தில் அக்கா என்னவோ கேட்டாள். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"என்னக்கா?"

மறுபடியும் அதே குழறல்.

"தூங்குக்கா. அப்புறம் பேசலாம்."

மூச்சு சீராகக் கேட்டது. அதைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தான்.

பதினொரு மணிக்கு வந்த டார்ச் வெளிச்சத்தில் அக்காவின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. நர்ஸ் ஓடினாள். மூளைக்குள் ரத்தக்கசிவு. மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றரை மணிக்கு உயிர் பிரிந்தது.

டாக்டர் இறப்பு விவரம் எழுதும் படிவத்தோடு வந்து வராந்தா பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பத்து மணிக்கு நல்லா இருந்தாங்க. பதினொண்ணுக்கு இல்ல. நடுவுல ஏதாவது கவனிச்சீங்களா?"

இல்லை என்று சொன்னால் போதும். அறையில் வேறு யாரும் இருக்கவில்லை.

"பத்தேகால் இருக்கும். பேச்சு குழறுச்சு. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். மூஞ்சி தெரியல."

டாக்டரின் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"அப்பவே கூப்பிட்டிருந்தா, சார்?"

"சொல்ல முடியாது."

10.15 என்று எழுதினார். படிவத்தை அவன் பக்கம் திருப்பினார். 'உறவு' என்ற கட்டத்தில் தம்பி என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான். நாலு மணிக்கு உடலைக் கொடுத்தார்கள்.