மேட்டில் நின்ற கார்

சந்தனசாமிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து எட்டு நாள். குனியக் கூடாது, கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லாபிஸில் தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம். தம்போயிலிருந்து அவ்வளவு தூரம் மனைவி கத்தரின்தான் ஓட்டியாக வேண்டும்.

"கெளம்புறதுக்கு முன்னாடி எஞ்சின் ஆயில் பாத்துரு," என்றார், வாசல் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்தபடி.

இத்தனை வருஷமும் அது அவர் வேலை. கத்தரின் அளவுக் குச்சியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுத்தாள். நுனியில் இரண்டு கோடுகள். ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

"ரொம்பக் கம்மியா இருக்குங்க."

"எப்பவும் அப்படித்தான் காட்டும். ஒரு போத்தல் முழுசா ஊத்திரு."

போத்தல் மூடியைத் திருகியவள் அப்படியே நின்றாள். வீட்டு முன்தளம் ஒரே சரிவு. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. சட்டியைச் சாய்த்தால் குழம்பு ஒரு பக்கமாகத்தானே ஒதுங்கும்?

"கார சமதரைக்குக் கொண்டுபோய்ப் பாக்குறேன்."

"நேரமாச்சு லா, கத்தரின்!"

அவள் கேட்கவில்லை. எதிர்ப்புறம் தரை மட்டமாக இருந்த இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்தாள். ஆயில் அடியில் இறங்கட்டும். பிறகு குச்சியை எடுத்தாள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் பளபளவென்று இருந்தது.

"சரியாத்தான் இருக்கு. சொட்டுகூட ஊத்த வேணாம்."

சந்தனசாமி நாற்காலியிலிருந்து எழுந்து காருக்கு வந்தார். போன வருஷம் கார் நீலப் புகை விட்டபோது, பட்டறைக்கார மதிவாணன் அளவுக்கு மீறி இருந்த ஆயிலை வடித்துவிட்டு, "யாருண்ணே இவ்ளோ ஊத்துனது?" என்று கேட்டிருந்தான். "என் காரப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சத்தம் போட்டு வந்தவர், அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை. இருபது வருஷப் பழக்கம் அதோடு நின்றது.

காரில் ஏறி பெல்ட்டைப் போட்டதும், "மதிக்குப் போன் போட்டுக் குடு," என்றார்.

கத்தரின் நம்பரை அழுத்திக் கொடுத்தாள்.

"மதி, நான்தான். அந்த ஆயில ஊத்துனது நான்தாம்பா. மேட்டுல நிறுத்தி அளவு பாத்திருக்கேன். உன்னத் திட்டினது தப்பு."

அந்தப் பக்கம் சிரிப்பு.

"அத விடுங்கண்ணே. கண்ணு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன், இப்ப எப்படி இருக்கு?"

கத்தரின் மெதுவாகக் காரை நகர்த்தினாள். வழியில் சிம்பாங் ரெங்காம் ஊரைத் தாண்டியும் அவரும் மதியும் போனில் பேசிக்கொண்டே இருந்தார்கள்.